ஏஜென்ட் கேக்கறார்னு ஒரிஜினல் டிசி, மார்க்‌ஷீட்டை குடுக்கலாமா?

கேள்வி: சார், எங்களுக்கு பாலக்கோடு பக்கம். பொண்ணு ஆறாவதுலருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்தான். மேத்ஸ் 78, பிசிக்ஸ் 72, கெமிஸ்ட்ரி 70. எங்க வீட்ல இதுக்கு முன்னாடி யாரும் காலேஜ் போனதில்ல. சொந்தக்காரர் மூலமா ஒருத்தர் வந்தார், இந்த மார்க்குக்கு கவுன்சிலிங்ல ஒண்ணும் கிடைக்காது, பெங்களூர்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு கவர்மெண்ட் கோட்டாலயே வாங்கித் தரேன்னு சொல்லி 5,000 அட்வான்ஸ் வாங்கிட்டு போனார். இப்ப இன்னும் 25,000 கேக்கறார், கூடவே ஒரிஜினல் டிசி, மார்க்‌ஷீட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமாம். குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க. பணமும் வேணாம், சர்டிபிகேட்டும் வேணாம். டிசியும் மார்க்‌ஷீட்டும் இப்ப வீட்லதான் இருக்குதான்னு பாத்து பீரோவுல வெச்சு பூட்டிட்டு வாங்க, மீதிய பொறுமையா பேசலாம்.

பணத்தை விட எனக்கு அந்த சர்டிபிகேட் மேலதான் பயம். 5,000 போனா வலிக்கும், ஆனா சமாளிச்சிடலாம். ஒரிஜினல் அவர் கைக்கு போயிருச்சுன்னா அப்புறம் உங்க பொண்ணு வேற எந்த காலேஜ்லயும் போய் சேர முடியாது, அவர் சேத்துவிடற காலேஜ்ல என்ன ஃபீஸ் சொல்றாங்களோ அதான் ஃபீஸ், வேணாம்னு சொன்னா முழு வருஷ ஃபீஸ கட்டிட்டு சர்டிபிகேட்ட வாங்கிக்கோன்னு சொல்லுவாங்க. ஜூலை ஆகஸ்ட் ஆனா தர்மபுரி, அரூர், பென்னாகரம்னு எல்லா பக்கமிருந்தும் அழுதுகிட்டே வர்ற பெத்தவங்கள நான் வருஷா வருஷம் பாக்கறேன், முக்காவாசி கதை இதே கதைதான். ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, காலேஜே ஒரிஜினல் சர்டிபிகேட்ட பிடிச்சு வெச்சுக்க கூடாதுன்னு 2018-லயே யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, உத்தரவு போட்டாச்சு. சேரும்போது சரிபாத்துட்டு திருப்பி குடுத்துடணும். காலேஜுக்கே அந்த உரிமை இல்லாதப்ப, நடுவுல வந்த ஒருத்தருக்கு எங்கருந்து வந்துச்சு?

இந்த மார்க்குக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு சொன்னாரில்ல, அது பொய். இன்ஜினியரிங் கட்ஆஃப் 200-க்கு போடுவாங்க. மேத்ஸ் மார்க் அப்படியே 78, பிசிக்ஸ்ல பாதி 36, கெமிஸ்ட்ரியில பாதி 35, மொத்தம் 149. இந்த கட்ஆஃபுக்கு கவுன்சிலிங்ல தாராளமா சீட் இருக்கு. தமிழ்நாட்ல 400-க்கு மேல இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு, வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல சீட்டு காலியாவே கிடக்குது. அப்படி காலியா கிடக்கறதாலதான் ஏஜென்ட்டுன்னு ஒருத்தர் உங்க வாசலுக்கே வர்றார். மாங்கா மண்டியில கமிஷன் எவ்வளவு போகுதுன்னு உங்களுக்கு தெரியும், இங்க உங்க பொண்ணு பேர்ல அவருக்கு காலேஜ் எவ்வளவு குடுக்குதுன்னு உங்களுக்கு தெரியவே தெரியாது, அதான் வித்தியாசம்.

சரி, இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இத தயவுசெஞ்சு ரெண்டு தடவை படிங்க. உங்க பொண்ணு ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கா. அப்படி படிச்ச பிள்ளைங்களுக்கு 2021-லருந்து இன்ஜினியரிங்ல 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கு, அதுல சீட் வாங்குனா டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ், கவுன்சிலிங் ஃபீஸ் எல்லாத்தையும் அரசாங்கமே கட்டுது, தனியார் காலேஜ்ல சீட் வந்தாலும் அப்படித்தான். நாலு வருஷமும். ஆனா அது அரசாங்கத்தோட தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தற ஒற்றைச்சாளர கவுன்சிலிங் வழியா போனாத்தான், டிஎன்இஏன்னு சொல்றாங்களே அது. ஏஜென்ட் மூலமா மேனேஜ்மென்ட் சீட்ல, அதான் காலேஜே நேரடியா குடுக்கற சீட்ல, சேத்தீங்கன்னா இது மொத்தமும் போச்சு, பின்னாடி யாரப்பிடிச்சு கெஞ்சுனாலும் வராது. அதாவது ஃபீஸே இல்லாம படிக்க வேண்டிய பொண்ணுக்கு லட்சக்கணக்குல கட்ட வெக்கறதுக்காக உங்ககிட்டயே 30,000 கேக்கறார்.

இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, உங்களுக்கு இது பொருந்தாது, ஆனாலும் விளக்கமா சொல்லித்தான் ஆகணும், ஏன்னா இத தப்பா புரிஞ்சுக்கிட்டு ஏமாந்துபோறவங்க நம்ம பக்கம் நெறைய. அரசு உதவி பெறும் பள்ளி வேற, அரசுப் பள்ளி வேற. எய்டட் ஸ்கூல்லயும் சத்துணவு போடுவாங்க, சைக்கிள் குடுப்பாங்க, புக்கு இலவசம், வாத்தியாருக்கு சம்பளமும் கவர்மெண்ட்தான், அதனால ஜனங்க அதுவும் கவர்மெண்ட் ஸ்கூல்னே நினைச்சுக்கறாங்க. இல்லீங்க. 7.5-க்கு அது கணக்குல வராது. ஆறு, ஏழு, எட்டு மட்டும் எய்டட்ல படிச்சிட்டு ஒம்பதாவதுலருந்து கவர்மெண்ட்ல படிச்சாலும் வராது. பஞ்சாயத்து யூனியன் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, வனத்துறை பள்ளி இதெல்லாம் வரும், அதனால சித்தேரி மலையிலயோ வத்தல்மலையிலயோ இருக்கறவங்க நமக்கு இல்லன்னு சும்மா விட்டுடாதீங்க. அப்புறம் ஆர்டிஈ-ல, அதான் 25 சதவீத இலவச சீட்ல, பிரைவேட் ஸ்கூல்ல எட்டாவது வரைக்கும் படிச்சிட்டு ஒம்பதுலருந்து பன்னெண்டு கவர்மெண்ட்ல முடிச்ச பிள்ளைக்கும் உண்டு. ஆனா அதே பிரைவேட்ல ஃபீஸ் கட்டி படிச்சிருந்தா கிடையாது. ஒரே கிளாஸ்ல பக்கத்து பக்கத்துல உக்காந்து படிச்ச ரெண்டு பிள்ளையில ஒண்ணுக்கு உண்டு, ஒண்ணுக்கு இல்ல. இந்த கேள்விக்கு ஸ்கூல்லயே ஹெச்எம் தெளிவா பதில் சொல்லணும், நெறைய இடத்துல அவங்களுக்கே தெரியறதில்ல, இல்ல சொல்றதுக்கு நேரமில்ல. இவ்வளவு பெரிய சலுகைய குடுத்துட்டு அத ஒரு ஏழை அப்பாவுக்கு புரியற மாதிரி ஊர் ஊரா சொல்ல ஆளில்லாம விட்டா, அந்த இடத்துல ஏஜென்ட்தான் வந்து உக்காருவான், வந்து உக்காந்தும் ஆச்சு.

அப்ளிகேஷன் போடும்போது 7.5-ன்னு கேக்கற இடத்துல ஆமான்னு குடுத்திருக்கீங்களான்னு பாருங்க. கடைசியா அலாட்மெண்ட் வர்றப்ப எந்த கோட்டால வந்திருக்குன்னும் பாருங்க. பாப்பா பேரு பொது லிஸ்ட்லயும் இருக்கும், 7.5 லிஸ்ட்லயும் இருக்கும், 7.5-ல எடுத்தாத்தான் ஃபீஸ் இல்ல. இதுல கோட்டை விட்டவங்க இருக்காங்க.

பெங்களூர்ல கவர்மெண்ட் கோட்டாங்கறது சுத்த ஏமாத்து. கர்நாடகாவோட அரசு கோட்டா சீட்டு, அங்க வருஷக்கணக்குல படிச்ச பசங்களுக்கு, அதுக்கு அந்த மாநில நுழைவுத் தேர்வான சிஇடி எழுதணும். நம்ம பிள்ளைங்க போறதா இருந்தா அங்க தனியார் காலேஜ்களுக்கு நடத்தற காமெட்கே எக்ஸாம் எழுதி போகலாம், இல்லன்னா மேனேஜ்மென்ட் சீட்டு. உங்க பொண்ணு எக்ஸாமே எழுதல, அப்ப மிச்சம் என்னன்னு உங்களுக்கே தெரியும். ஓசூர் தாண்டுனா பெங்களூர்தானே, பக்கம்தானேன்னு நம்மாளுங்க ஈசியா நம்பிடறாங்க.

அடுத்தது ஓடிபி. இதுக்கு நான் கத்தி கத்தி தொண்டை போச்சு. கவுன்சிலிங் இப்ப முழுக்க ஆன்லைன், சாய்ஸ் ஃபில்லிங்னு ஒரு கட்டம் வரும், எந்த காலேஜ், எந்த பிரான்ச் வேணும்னு வரிசையா போட்டு லாக் பண்ணணும். ரிஜிஸ்டர் பண்ண பிரவுசிங் சென்டர்காரர் தன் ஃபோன் நம்பரையே குடுத்து வெச்சிருப்பார், பாஸ்வேர்டும் அவர்கிட்டதான், இல்ல ஏஜென்ட் நான் பாத்துக்கறேன்னு வாங்கி வெச்சிருப்பார், கமிஷன் குடுக்கற காலேஜ முதல் பத்து இடத்துல போட்டு லாக் பண்ணிடுவாங்க, அலாட்மெண்ட் வந்தப்புறம்தான் உங்களுக்கே தெரியும். அதனால உங்க வீட்டு ஃபோன் நம்பர், உங்க மெயில், பாஸ்வேர்டு உங்க பொண்ணு நோட்ல. ஓடிபி யார் கேட்டாலும், மாமா கேட்டாலும் சித்தப்பா கேட்டாலும் சொல்லாதீங்க. ஆன்லைன்ல போட தெரியலன்னா டிஎஃப்சி-ன்னு உதவி மையம் மாவட்டத்துக்குள்ளயே போட்டிருக்காங்க, அங்க போங்க, காசு கிடையாது. கூட்டமா இருக்கும், சில நாள் சர்வர் நிக்கும், அரை நாள் கூலி போகும், இத ஏன் இன்னும் சரி பண்ண மாட்டேங்கறாங்கன்னு எனக்கும் கோவம்தான், ஆனாலும் அங்கயே போங்க.

சாய்ஸ் எத்தனை வேணா போடலாம், நூறு கூட போடலாம். நமக்கு கிடைக்குமான்னு யோசிச்சு வரிசை போடாதீங்க, நமக்கு எது ரொம்ப பிடிக்குமோ அது மேல, அடுத்தது அதுக்கு கீழ. மேல இருக்கறது கிடைக்கலன்னா சிஸ்டமே அடுத்ததுக்கு போகும், அதனால ஒரு நஷ்டமும் இல்ல. பர்கூர் அரசு இன்ஜினியரிங் காலேஜ், செட்டிக்கரையில இருக்கற தர்மபுரி அரசு இன்ஜினியரிங் காலேஜ் ரெண்டையும் கண்டிப்பா மேல போடுங்க. 7.5 லிஸ்ட்ல கட்ஆஃப் பொது லிஸ்ட்ட விட இறங்கித்தான் இருக்கும், எட்டாதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. போன வருஷம் எந்த காலேஜ்ல எந்த பிரான்ச்சுக்கு எந்த சாதிப் பிரிவுக்கு எவ்வளவு வரைக்கும் போச்சுன்னு டிஎன்இஏ சைட்லயே இருக்கு.

தனியார் காலேஜ் போடும்போது பில்டிங்க பாத்து, பஸ்ஸ பாத்து, ஸ்கூலுக்கு வந்து ஸ்காலர்ஷிப் டெஸ்ட் நடத்தி கப்பு குடுத்ததெல்லாம் பாத்து போடாதீங்க. அந்த டெஸ்ட் எதுக்குன்னா உங்க ஃபோன் நம்பருக்குத்தான். அண்ணா யுனிவர்சிட்டி செமஸ்டர் ரிசல்ட்ல காலேஜ்வாரியா பாஸ் சதவீதம் போடறாங்க, அத பாருங்க, நூறு பேர் எழுதி இருபது முப்பது பேர்தான் பாஸ்னா அங்க யார் பாடம் எடுக்கறாங்கன்னு யோசிங்க. 2024-ல ஒரே பேராசிரியர் பேரு பல காலேஜ்ல முழுநேர வேலைன்னு கணக்கு காட்டுனது வெளிய வந்து நாறிப்போச்சு. இன்ஸ்பெக்‌ஷன் வருஷா வருஷம் நடந்துகிட்டுதான் இருந்துச்சு, போனவங்க கண்ணுக்கு எப்படி தெரியாம போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஆறல. அதனால ஒரு நாள் வேலை நாள்ல, சொல்லாம கொள்ளாம, பொண்ண கூட்டிக்கிட்டு நேர்ல போங்க, ரெண்டாவது மூணாவது வருஷ பிள்ளைங்க வெளிய டீ குடிச்சுகிட்டு இருக்கும், அதுங்ககிட்ட கிளாஸ் நடக்குதா, மெஸ் எப்படி, பொண்ணுங்க ஹாஸ்டல் எப்படின்னு கேளுங்க.

கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணும்னு அவ பிடிவாதமா இருந்தா சரி, ஆனா 2024-ல ஒரு பிரான்ச்சுக்கு இவ்வளவுதான் சீட்டுங்கற உச்சவரம்ப ஏஐசிடிஇ, அதான் இன்ஜினியரிங் காலேஜுக்கு அனுமதி குடுக்கற மத்திய அமைப்பு, எடுத்துட்டாங்க, அதுலருந்து காலேஜெல்லாம் கம்ப்யூட்டர் சீட்ட ஏத்திக்கிட்டே போறாங்க, சொல்லித்தர ஆள் ஏறல. பாடாவதி காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ விட பர்கூர்ல ஈசிஈயோ (எலக்ட்ரானிக்ஸ்), ட்ரிபிள்ஈயோ (எலக்ட்ரிக்கல்) நல்லது, இது என் அழுத்தமான அபிப்ராயம். ஓசூர், கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி பக்கம் டைட்டன், டிவிஎஸ், டாடா எலக்ட்ரானிக்ஸ், ஓலான்னு இருக்கற கம்பெனிங்களுக்கு வேண்டியது வெறும் கோடிங் இல்ல.

அப்புறம் பொண்ணு காலேஜ்ல சேந்ததும் புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா அவ அக்கவுண்ட்டுக்கே வரும், காலேஜ் ஆபீஸ்ல கேட்டு பதிவு பண்ணிக்கோங்க. முதல் பட்டதாரி சர்டிபிகேட்டும் இ-சேவையில எடுத்து வெச்சுக்கோங்க, 7.5-ல கிடைச்சிட்டா தேவைப்படாது, பொது லிஸ்ட்ல போக வேண்டி வந்தா டியூஷன் ஃபீஸ்ல கழிப்பாங்க. விஏஓ, ஆர்ஐன்னு போய் வர்றதுக்கு நாள் ஆகும், இப்பவே போடுங்க.

குடுத்த 5,000 விஷயம். அவர்கிட்ட சண்டை போடாதீங்க, நேர்ல போகாதீங்க. பொண்ணு கவுன்சிலிங்ல போறா, பணத்த திருப்பி அனுப்புங்கன்னு வாட்ஸ்அப்ல எழுத்தா அனுப்புங்க, ஃபோன்ல பேசுனா ஆதாரம் நிக்காது. ஜிபே-ல குடுத்திருந்தா அந்த ரசீத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. கையில குடுத்திருந்தா, நடுவுல இருந்த சொந்தக்காரர வெச்சு கேளுங்க, அவருக்கும் இதுல பங்கு இருக்கலாம்னு சொல்ல எனக்கு கஷ்டமா இருக்கு, ஆனா பல தடவை அப்படித்தான் இருந்திருக்கு. ஒரு வாரத்துல வரலன்னா போலீஸ் ஸ்டேஷன்ல எழுதி குடுங்க, இல்ல திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு போடுங்க. வெள்ளிக்கிழமை அவர் ஃபோன் பண்ணி சீட்டு போயிடும், கடைசி நாள்னு அவசரப்படுத்துவார், அன்னைக்கு எந்த சீட்டும் எங்கயும் போகாது, நீங்க பொண்ண கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்கு போய் ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்சதுக்கு ஹெச்எம் கையெழுத்தோட சான்றிதழ் வாங்கிட்டு வாங்க.