காரின் இருப்பிடத் தனியுரிமை: கேள்வி பதில்

கே (வேளச்சேரி): சார், செட்டிங்ஸ்ல ஜிபிஎஸ் ஆஃப் பண்ணிட்டா கார் எங்கே போகுதுன்னு யாருக்கும் தெரியாதுதானே?

ப: ஜிபிஎஸ் சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். இருப்பிடத்தை வெளியே அனுப்புவது வண்டிக்குள் பதித்திருக்கும் மொபைல் சிம், அதாவது இ-சிம். கம்பெனி ஆப்பில் இருப்பிடப் பகிர்வு, பயண வரலாறு இரண்டுக்கும் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுங்கள். காரை விற்றால் ஃபேக்டரி ரீசெட் செய்து, ஆப் கணக்கிலிருந்தும் வண்டியை நீக்குங்கள். பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

கே (தாம்பரம்): பேரை எடுத்துட்டுதான் டேட்டா வெச்சிருக்கோம்னு சொல்றாங்களே?

ப: 15 லட்சம் பேரின் மொபைல் பதிவுகளை அலசிய 2013 ஆய்வில், இடமும் நேரமும் சேர்ந்த 4 புள்ளிகளே 95% பேரைத் தனியாகக் காட்டிக்கொடுத்தன. இரவில் தாம்பரம், பகலில் சோழிங்கநல்லூர் என்றாலே பாதி வேலை முடிந்தது. டேட்டா வைத்திருப்பவர் பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் வெட்ட வேண்டும். இடத்தின் துல்லியத்தையும் குறைக்க வேண்டும்: அட்சரேகையில் 3 தசம இடம் வைத்தால் சுமார் 110 மீட்டர், 2 வைத்தால் 1.1 கி.மீ. தி.நகரில் 110 மீட்டர் ஓரளவு மறைக்கும். ஈசிஆர் தனி பங்களாவை மறைக்காது.

கே (அண்ணா நகர், மாணவர்): வண்டிங்க ரேடியோவுல ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற வி2எக்ஸ்ல, நிஜ அடையாளத்துக்குப் பதிலா காட்டுற புனைபெயர்ச் சான்றிதழை நொடிக்கு ஒரு தடவை மாத்தினா யாரும் பின்தொடர முடியாதுல்ல?

ப: நல்ல கேள்வி. வண்டி தன் இடம், திசை, வேகம் சொல்லி நொடிக்கு 10 செய்தி அனுப்புகிறது. 60 கி.மீ. வேகத்தில் அடுத்த செய்தி 1.7 மீட்டர் தள்ளி, அதே திசை, அதே வேகம். பெயர் மாறினாலும் வண்டி அதுதான் என்று ஒட்டுக் கேட்பவனுக்குத் தெரியும். அமெரிக்கத் திட்டத்தில் ஒரு வண்டிக்கு வாரத்துக்கு 20 சான்றிதழ்தான். உங்கள் கணக்கில் 20 நொடியில் தீர்ந்து, பழையது திரும்ப வரும். அங்கே மாற்றுவது 5 நிமிட இடைவெளியில். ரேடியோ கருவியின் மேக் முகவரி, செய்தியில் வரும் வண்டியின் தற்காலிக எண், செய்தி வரிசை எண் மூன்றும் சான்றிதழோடு அதே கணத்தில் மாற வேண்டும். ஒன்று விட்டாலும் சங்கிலி அறுபடாது. மாலை 6 மணி கிண்டி நெரிசலில் பல வண்டிகள் சேர்ந்து மாற்றினால் பலன். நள்ளிரவு ஈசிஆரில் தனியாக மாற்றுவது வீண்.

கே (அதே மாணவர்): அப்போ மாத்துறப்ப 3 நொடி செய்தி அனுப்பாம அமைதியா இருக்கலாமே?

கே (கிண்டி): 3 நொடியில 50 மீட்டர் போயிடும். முன்னாடி ஒருத்தர் பிரேக் அடிச்சா?

ப: கிண்டிக்காரர் பக்கம்தான் நான். வேகத்தில் அமைதி ஆபத்து. 30 கி.மீ.க்குக் கீழே மட்டும் மௌனம் என்று 2009-லேயே யோசனை வந்தது.

கே (கிண்டி): ஸ்கூல் தெருவுலயும் 30-க்குக் கீழதான் போவோம்.

ப: ஒப்புக்கொள்கிறேன், அதனால் மௌனத்தைச் சிக்னலில் நின்றிருக்கும்போது வையுங்கள். அவசர பிரேக் எச்சரிக்கை ஓடும்போது அடையாளத்தை மாற்றவே கூடாது.

கே (போரூர்): கால் டாக்ஸி ஓட்டுறேன் அண்ணா. டிராக்கரைக் கழட்டலாமா?

ப: கூடாது. டாக்ஸி போன்ற வாடகை வண்டிகளில் டிராக்கர் கட்டாயம் என்பது ஏஐஎஸ்-140 விதி.

கே (பெரம்பூர்): ஜிபிஎஸ் ஆஃப் பண்ணா போதுமா?

ப: முதல் பதிலைப் படியுங்கள். சிக்னலைத் தடுக்கும் ஜாமர் கருவி வாங்கப் போகாதீர்கள், சட்டவிரோதம். விற்கும்போது ஆப் கணக்கு, மறக்காதீர்கள்.

கே (மயிலாப்பூர்): டயர்ல காத்தழுத்தம் பாக்குற சென்சாரும் காட்டிக்கொடுக்குமாமே?

ப: கொடுக்கும். ஒவ்வொரு சென்சாரும் தன் நிலையான எண்ணை மறைகுறியாக்காமல் ஒலிபரப்பும். 2010-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 40 மீட்டரிலிருந்து படித்தார்கள். அதற்காகக் கழற்றாதீர்கள். ஏபிஎஸ் பிரேக் அமைப்பு அளக்கும் சக்கர வேகத்தை வைத்துக் காற்றழுத்தத்தைக் கணக்கிடும் மறைமுக வகையில் டயருக்குள் ரேடியோவே இல்லை. புது கார் பார்ப்பவர்கள் எந்த வகை என்று ஷோரூமில் கேளுங்கள்.