ஜக்கராண்டா நட்டு 3 வருடமாகியும் பூக்கவில்லை, என்ன உரம் போடலாம்?

கன்று ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது, இலை செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை என்கிறீர்கள். உரம் இருக்கட்டும். அது விதையில் வந்த கன்றா, ஒட்டுக்கன்றா? இது தெரிந்தால் முக்கால்வாசிப் பதில் கிடைத்துவிடும்.

விதையில் வந்த ஜக்கராண்டா முதல் பூ காட்ட 7 வருடம் ஆகலாம், 14 வருடம்கூட ஆகலாம். ஏற்கனவே பூத்த மரத்தின் கிளையை எடுத்து ஒட்டுக் கட்டியதென்றால் 2, 3 வருடத்தில் எதிர்பார்க்கலாம். மரங்களுக்கும் இளமைப் பருவம் உண்டு, அது முடியும்வரை வெயில், தண்ணீர், சத்து எல்லாம் சரியாக இருந்தாலும் பூக்காது. இளம் செடியில் மைக்ரோ ஆர்என்ஏ 156 என்ற சின்ன மூலக்கூறு நிறைய இருந்துகொண்டு பூக்கும் வேலையைத் தொடங்கவிடாமல் பிடித்து வைக்கிறது, வயது ஏற ஏற அதன் அளவு குறையும். பூத்த மரத்தின் கிளையை வெட்டி நடும் போத்துக்கும், ஒட்டுக்கும் இந்தக் காத்திருப்பு கிடையாது. அந்தக் கிளை ஏற்கனவே வயதுக்கு வந்தது, வேர்தான் புதுசு.

எங்கள் வீட்டில் ஈழத்தலரியும் ஜக்கராண்டாவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஈழத்தலரி போத்தாக நட்டது, வேர் பிடித்து அடுத்த கோடையிலேயே நுனியில் கொத்தாகப் பூத்தது. ஜக்கராண்டா அதற்கு மூத்தது, உயரமும் கூட, இன்னும் வெறும் இலைதான். எனக்கு அதில் குறை இல்லை, அந்த இலையே பெரணி மாதிரி அழகுதான், ஆனால் வருகிறவர்கள் எல்லாம் "ஆண் மரமாக இருக்குமோ" என்று கேட்பதுதான் தாங்கவில்லை. ஜக்கராண்டாவில் ஆண் மரம், பெண் மரம் கிடையாது, ஒரே பூவில் இரண்டும் இருக்கும்.

உங்களுடையது எது என்று பார்க்க அடித்தண்டுக்குப் போங்கள். மண்ணிலிருந்து ஒன்றிரண்டு சாண் உயரத்துக்குள் ஒரு புடைப்போ வளைவோ, பட்டையின் நிறம் மாறும் கோடோ தெரிந்தால் ஒட்டு. வழவழவென்று நேராகப் போனால் பெரும்பாலும் விதைக்கன்று.

விதைக்கன்று என்றால் உச்சியை வெட்டாதீர்கள். பக்கக் கிளை வெடித்துப் பூக்கும் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். விதைக்கன்றில் முதலில் முதிர்வது உச்சிப் பகுதிதான், அடித்தண்டு பல வருடம் இளமையாகவே இருக்கும், அதனால் மேலே இருப்பதை எடுத்துவிட்டு அடியிலிருந்து துளிர்க்க விட்டால் மறுபடி தொடக்கத்திலிருந்து காத்திருக்க வேண்டியதுதான். காய்ந்த கிளையை மட்டும் எடுங்கள்.

சரி, உரம். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் இலையும் தண்டும் கிடுகிடுவென்று வரும், பூ தள்ளிப்போகும். பக்கத்தில் புல்தரை இருந்தால் அதற்குப் போடும் உரமும் இந்த வேருக்குத்தான் போய்ச் சேரும், இதை நிறையப் பேர் கணக்கில் எடுப்பதில்லை. "பூ வரும்" என்று விற்கிற மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரம் இளமை முடியாத மரத்தைப் பூக்க வைக்காது, அளவு மீறினால் இரும்பும் துத்தநாகமும் எடுக்க முடியாமல் இலை வெளுக்கும். தண்டில் ஆணி அடிப்பது, பட்டையை வளையமாக உரிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். இலையில் தயாராகும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது, சுற்றி முழுசாக உரித்தால் வேர் பட்டினி கிடந்து மரமே போய்விடும்.

ஒட்டுக்கன்றாக இருந்தும் பூக்கவில்லை என்றால் வெயிலைப் பாருங்கள். நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், சுவர் நிழலில் நின்றால் உயரம்தான் போகும். அப்புறம் தண்ணீர். ஜக்கராண்டா, குல்மோகர், சரக்கொன்றை எல்லாம் வறண்ட பருவம் ஒன்றைக் கடந்துதான் நன்றாகப் பூக்கும், அதனால் வேர் ஊன்றியபின் வறண்ட மாதங்களில் தினமும் ஊற்றாதீர்கள். வருடம் முழுக்கப் புழுக்கமும் மழையுமாக இருக்கும் தாழ்வான இடங்களில் முதிர்ந்த ஜக்கராண்டாவே சுமாராகத்தான் பூக்கும். இந்த மரத்துக்குப் பெயர் போன தென்னாப்பிரிக்க நகரம் பிரிட்டோரியா சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே குளிர்காலம் வறண்டு கிடக்கும், அதன்பின் அக்டோபர், நவம்பரில் தெருத்தெருவாக ஊதா நிறம். உங்கள் ஊர் எந்த மாதிரி என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வருடம் மரம் முழுக்கப் பூக்கும் என்று எண்ண வேண்டாம், எங்கோ ஒரு கிளையில் மட்டும் நாலு பூ எட்டிப் பார்த்தாலும் கணக்குதான். அதுவரை பொறுக்க முடியாவிட்டால் ஈழத்தலரிப் போத்து ஒன்று நடுங்கள், வெட்டின இடம் நிழலில் ஒரு வாரம் காய்ந்தபின் நட்டால் அழுகாது. ஜக்கராண்டாவின் குடை பிற்பாடு நன்றாக விரியும், அதன் நிழல் விழாத அளவுக்குத் தள்ளி நடுங்கள்.