ஓப்பன் பேப்பரில் 400 சிசி வேண்டாம், ஐயா

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். வயது 61, உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். இளமையில் ஊரில் ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிள் ஓடியிருக்கிறேன். இனிக் கூடாரமும் சமையல் சாமான்களும் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம், திருகோணமலை, மலையகம் என்று ஆறுதலாகச் சுற்றிவர ஆசை. தூரப் பயணத்துக்கு 400 சிசி வேண்டும் என்று ஒரு தரகர் பழைய ஜப்பான் குரூசர் பைக் ஒன்றைக் காட்டுகிறார். ஓப்பன் பேப்பராம், அதாவது பெயர் மாற்றாமல், பதிவு உரிமையாளர் கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு கைமாறுவது. கனடாவிலுள்ள மகன் காசு அனுப்பத் தயார். தரகர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். 400 சிசி உங்களுக்குத் தேவையில்லை. தேவைப்பட்டாலும் அந்தப் பேப்பரில் வாங்கக்கூடாது.

நம் நாட்டில் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. மற்ற வீதிகளில் ஊருக்கு வெளியே வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இடையில் ஓரிடத்தில் தங்கிப் போனால் நல்ல 150 சிசி பைக்கே தாராளம். கண்டி வீதியில் கடுகண்ணாவ ஏற்றத்தில் சுமையோடு கியரைக் குறைக்க வேண்டிவரும், அவ்வளவுதான். அந்த ஏற்றம் உங்களுக்குப் பெரிய விஷயம் என்றால் 200 சிசி வரை போங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது பாரம். பழைய 400 சிசி குரூசர் இருநூறு கிலோ அளவில் நிற்கும். கூடாரம், அடுப்பு, தண்ணீர், உடுப்பு என்று இன்னும் இருபது கிலோவாவது ஏறும். இந்த வயதில் பலர் விழுவது வேகமாக ஓடும்போதல்ல, நிறுத்தித் திருப்பும்போதுதான். நிலாவெளி மணலில் ஒரு பக்கம் சாய்ந்தால் யார் தூக்குவது? வாங்குமுன் இருபது கிலோ அரிசி மூடை ஒன்றைப் பின் சீற்றில் கட்டுங்கள். இரண்டு பாதமும் நிலத்தில் பதிகிறதா என்று பாருங்கள். பிறகு இறங்கி நின்று, சற்றுச் சரிவான இடத்தில் பைக்கைப் பின்னோக்கித் தனியே தள்ளுங்கள். மூச்சு வாங்கினால் அது உங்கள் பைக் அல்ல.

யமஹா எஃப்இசட் சுமார் 137 கிலோ, சீற் உயரம் 790 மில்லிமீற்றர். உங்கள் உயரத்துக்கு அதுவே போதும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 கரடு வீதிக்கு நல்லது, ஆனால் சீற் 820 மில்லிமீற்றருக்கு மேல், நுனிக்காலில் நிற்பீர்கள். றோயல் என்ஃபீல்ட் மீட்டியோர் 350 தாழ்வானது, 765 தான், எனினும் 191 கிலோ. பழைய ஜப்பான் யமஹா சேரோ இலேசானது, ஆனால் டாங்க் சிறிது, உதிரிப்பாகத்துக்குப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏற வேண்டும். இன்னொன்று: சாரதி அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். அதில் இருப்பது ஏ1 வகுப்பு மட்டும் என்றால் அது 100 சிசி வரைக்கும்தான். மேலே போக ஏ வகுப்பு வேண்டும்.

இனி அந்த ஓப்பன் பேப்பர். பதிவு உரிமையாளர் வெற்றுப் படிவத்தில் கையொப்பம் போட்டுக் கொடுத்துவிடுகிறார். தரகர் தன் பெயருக்கு மாற்றாமல் அடுத்தவருக்கு விற்கிறார், அவர் இன்னொருவருக்கு. உங்களிடம் வரும்போது கையொப்பமிட்டவர் வெளிநாட்டில் இருக்கலாம், உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். அப்போது அது வெறும் தாள். விபத்து நடந்தால் காப்புறுதி யாருடைய பெயரில்? பொலிஸ் மறித்தால் பைக் யாருடையது? சட்டம் தெளிவாகவே இருக்கிறது: கைமாறி 14 நாட்களுக்குள் விற்றவர் எம்டிஏ 6 படிவத்தாலும் வாங்கியவர் எம்டிஏ 8 படிவத்தாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்ய நினைக்கும் மனிதனின் ஒரு பகல் முழுவதையும் வரிசை விழுங்குகிறது. அந்தச் சலிப்பில்தான் தரகர்கள் வயிறு வளர்க்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 வரை இழுத்ததில் பழைய பைக் விலை எகிறி, தகரக் குவியலுக்கெல்லாம் தரகர் முளைத்தார். சாதாரண சனம் நேர்வழியில் போக இத்தனை கஷ்டப்பட வேண்டுமா?

பழைய பைக் எதுவானாலும் செசி இலக்கத்தை, அதாவது பைக்கின் சட்டகத்தில் பொறித்த இலக்கத்தை, நீங்களே பாருங்கள். ஹாண்டிலை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் கழுத்துக் குழாயில் பொறித்திருப்பது தெரியும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கிறீஸைத் துடையுங்கள். எழுத்துகள் ஒரே ஆழமா, ஒரே இடைவெளியா? அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருக்கிறதா, அரம் போட்ட கீறல் தெரிகிறதா? பதிவுச் சான்றிதழோடு (புத்தகம் என்பது இதைத்தான்) ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் இலக்கத்தையும் அப்படியே. ஒரு பழைய பைக்கின் புத்தகத்தில் வேறொரு பைக்கின் உடம்பு ஓடுவது இங்கே புதிதல்ல.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். புத்தகத்தில் பதிவு உரிமையாளர் ஒருவராகவும், முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பனியாகவும் இருந்தால் பயந்து ஓட வேண்டாம். அது களவு அல்ல. கடன் முடியும்வரை கம்பனியின் பெயர் அங்கே நிற்கும். கடன் முடிந்த பின்னும், நீக்கும் அலுவலைச் சோம்பலில் செய்யாமல் விட்டவர்கள் ஏராளம். அப்படியானால் கடன் தீர்ந்து உரிமையை விடுவித்ததாகக் கம்பனி தரும் கடிதத்தின் மூலப்பிரதி வேண்டும். நிழற்படப் பிரதி உதவாது. கடிதத்திலுள்ள வாகன இலக்கமும் செசி இலக்கமும் புத்தகத்தோடு பொருந்த வேண்டும். நீங்களே அந்தக் கம்பனிக் கிளைக்குப் போய், கடிதம் அவர்களுடையதா என்று கேளுங்கள். கடன் இன்னும் நிலுவை என்றால் விற்பவரோடு சேர்ந்து போய்க் கவுண்டரில் நீங்களே கட்டி, அந்தத் தொகையை விலையில் கழியுங்கள். "நான் கட்டிவிடுகிறேன், காசைத் தாருங்கள்" என்று தரகர் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

கூடாரம் பற்றிச் சுருக்கமாக: ஹபரணைப் பக்கம், புத்தல–கதிர்காமம் வீதிப் பக்கம் வெளியில் படுக்கவே வேண்டாம், யானை வரும். தெரிந்தவர் வளவு, கோயில் மடம், அனுமதி பெற்ற முகாமிடம் போதும். இருட்டுமுன் சேர்ந்துவிடுங்கள்.

மகனின் காசு உங்கள் வங்கிக் கணக்குக்கே வரட்டும், தரகரின் கணக்குக்கு ஒரு சதமும் வேண்டாம். பதிவு உரிமையாளர் தேசிய அடையாள அட்டையோடு நேரில் வந்து, உங்கள் கண்முன்னே எம்டிஏ 6 இல் திகதி எழுதிக் கையொப்பமிட்ட பிறகு, வங்கியில் வைத்துக் காசைக் கொடுங்கள். தரகர் "அவர் வரமாட்டார்" என்றால் அந்தப் பைக்கை விட்டுவிடுங்கள்.