வீங்கிய காலை நீவிவிடலாமா?

கேள்வி: டெக்சாஸில் 500 மணி நேர மசாஜ் தெரபி படிப்பை முடித்தேன். லைசென்ஸுக்கான எம்பிளெக்ஸ் தேர்வில் போன மாதம் தோற்றுவிட்டேன். எலும்பு, தசைப் பெயரெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ரிப்போர்ட்டிலும் அந்தப் பகுதி நன்றாகவே இருக்கிறது. வாடிக்கையாளரை மதிப்பிடுவது, தொழில் நெறி, தொழில் நடைமுறை, இந்த மூன்றிலும்தான் அடி. அதெல்லாம் பொது அறிவுதானே, அதில் படிக்க என்ன இருக்கிறது? பேசாமல் அனாட்டமியையே இன்னும் ஊன்றிப் படிக்கலாமா? வயது 44. ஆங்கிலம் மெதுவாகத்தான் வாசிப்பேன்.
- ஒரு வாசகி, இர்விங்

பதில்: முதலில் அந்த அனாட்டமிப் புத்தகத்தை மூடி வையுங்கள். தேர்வில் உடற்கூறுக்கு 11 சதவீதம், தசை இயக்கத்துக்கு 12. இரண்டும் சேர்ந்தே 23தான். மதிப்பீடும் சிகிச்சைத் திட்டமும் 17, நெறியும் சட்டமும் 16, தொழில் நடைமுறை 15. கூட்டிப் பாருங்கள், 48 வரும். நீங்கள் பொது அறிவு என்று தள்ளிவைத்தது கிட்டத்தட்டப் பாதித் தேர்வு.

நானும் முதல் தடவை தோற்றவள்தான். எனக்கு வில்லனாக வந்தது எங்கள் ஆச்சி. எப்படி என்று சொல்கிறேன். தேர்வில் வந்ததை வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதானே உள்ளே போகிறோம்? அதனால் இது நானாகக் கட்டிய கேள்வி.

நீண்ட விமானப் பயணம் முடித்து வந்த ஒரு பெண். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருக்கிறது. தொட்டால் சூடு, அழுத்தினால் வலி. தெரபிஸ்ட் முதலில் என்ன செய்ய வேண்டும்? பாதத்திலிருந்து மேல்நோக்கி மெதுவாக நீவுவதா, ஐஸ் ஒத்தடமா, காலை விட்டுவிட்டு முதுகுக்கு மட்டும் மசாஜா, அல்லது எதுவுமே செய்யாமல் உடனே டாக்டரிடம் அனுப்புவதா?

ஆச்சியாக இருந்தால் இந்நேரம் நல்லெண்ணெயைச் சூடு பண்ணியிருப்பாள். நம் கையும் அங்கேதான் போகும். ஆனால் அந்தக் காலின் ஆழமான சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம், உயிருக்கே ஆபத்து. கடைசி விடைதான் சரி. மூன்றாவது விடை நல்ல பிள்ளை மாதிரி நிற்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

நெறிக் கேள்விகளிலும் நம்மைக் கவிழ்ப்பது நம் நல்ல குணம்தான். மூன்று மாதமாக வருகிற வாடிக்கையாளர் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுகிறார். போகாவிட்டால் மனசு சங்கடப்படுவாரே என்று நமக்குத் தோன்றும். தேர்வுக்கு வேண்டிய விடை, மரியாதையாக மறுப்பது. “இது டிஸ்க் பிரச்சினைதானே?” என்று ஒருவர் கேட்டால், தெரிந்தாலும் ஆமாம் என்று சொல்லக் கூடாது. நோய் இன்னதென்று முடிவு செய்வது நம் வேலை இல்லை, டாக்டர் வேலை. பயிற்சிக் கேள்விகளில் தப்பு விடுகிறபோதெல்லாம், ‘இங்கே நான் அக்காவாக யோசித்தேனா, தெரபிஸ்டாக யோசித்தேனா?’ என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். என் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அக்காதான்.

ஆங்கிலம் பற்றி. தேர்வு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மட்டும்தான். 100 கேள்விக்கு 110 நிமிடம், அதாவது ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. ஒரு கேள்வியைத் தாண்டிப் போகவும் முடியாது, திரும்பி வரவும் முடியாது. ‘ஃபர்ஸ்ட்’, ‘பெஸ்ட்’, ‘எக்ஸெப்ட்’ ஆகிய மூன்று சொற்களில் எது கண்ணில் பட்டாலும் நின்றுவிடப் பழகுங்கள். கேள்வியின் கடைசி வரியை முதலில் வாசித்துவிட்டுக் கதைக்குப் போனால் நேரம் மிச்சம். போகப் போகக் கேள்வி கடினமாகிறதே என்று பதறவும் வேண்டாம். சரியாகப் பதில் சொன்னால் கம்ப்யூட்டர் அடுத்ததைக் கடினமாகத்தான் கொடுக்கும்.

அனாட்டமியை விட மனசே இல்லையென்றால் தினம் பத்து நிமிடம், புத்தகம் இல்லாமல், உங்கள் உடம்பிலேயே படியுங்கள். தரையில் சம்மணம் போடுங்கள். இடுப்பு மடங்கி, தொடை விலகி வெளிப்பக்கம் திரும்பி, முழங்காலும் மடங்குகிறதா? இந்த நான்கு வேலைக்கும் கைகொடுக்கிற தசை சார்ட்டோரியஸ். லத்தீனில் தையற்காரர் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். முதுகுப் பக்கம் ஊக்கு மாட்டக் கையைப் பின்னால் கொண்டுபோகிறீர்களே, தோள் உள்பக்கமாகத் திரும்புகிற அந்த அசைவில் சப்ஸ்கேபுலாரிஸ் இருக்கிறது. தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் ‘ரொட்டேட்டர் கஃப்’ என்கிற நாலு தசைகளில் அது ஒன்றுதான் பட்டை எலும்பின் முன்பக்கம், விலா எலும்புகளைப் பார்த்தபடி ஒளிந்திருக்கும்.

தோற்ற தேதியிலிருந்து 30 நாள் கழித்து மறுபடி எழுதலாம். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் 31-ஆம் நாளே ஓடாமல், பயிற்சிக் கேள்விகளில் அக்கா குறைந்த பிறகு தேதி வாங்குங்கள்.

கேள்வி: என் தங்கை டாலஸில் இந்தப் படிப்பில் சேரப் போகிறாள். கல்யாணமானதும் நியூயார்க் போய்விடுவாள். அங்கே இது செல்லுமா?
- ஒரு வாசகர், பிளேனோ

பதில்: டெக்சாஸில் 500 மணி நேரம் போதும். நியூயார்க்கில் 1,000 கேட்கிறார்கள். கல்யாணத் தேதி குறித்தாயிற்றா? ஆயிற்றென்றால் இங்கே ஃபீஸ் கட்ட வேண்டாம், அங்கே போயே சேரட்டும்.