பெட்டியில் அச்சிட்ட வாட்டும் சுவரில் உள்ள பிளக்கும்

மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வசிக்கும் வாசகர் கேட்கிறார்: “எங்கள் ஹால் 14 அடி நீளம், 11 அடி அகலம். ரிச்சி தெருவில் ஒரு கடையில் ‘10,000 வாட்’ என்று அச்சிட்ட டவர் ஸ்பீக்கர் செட்டை 12 அங்குல சப்வூஃபருடன் (கனத்த ஒலிக்கான தனிப் பெட்டி) 60,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார்கள். மற்றொரு கடையில் சிறிய ஸ்பீக்கர்கள் ஐந்து, 100 வாட் சப்வூஃபர், ஏ.வி. ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கருவி) ஆகியவற்றுக்கு 95,000 ரூபாய் கேட்கிறார்கள். வாட் குறைந்த பொருளுக்கு விலை ஏன் அதிகம்? கீழ் வீட்டில் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் எதை வாங்கி எங்கே வைப்பது?”

இரண்டாவதை வாங்குங்கள். காரணத்தை உங்கள் வீட்டுச் சுவரே சொல்லிவிடும். 5 ஆம்பியர் பிளக்கிலிருந்து 230 வோல்ட்டில் தொடர்ந்து எடுக்கக்கூடிய மின்சாரம் 1,150 வாட் மட்டுமே. ஒன்றரை டன் ஏ.சி. ஏறக்குறைய 1,500 வாட் எடுக்கிறது. அதற்கே தனியாக 15 ஆம்பியர் பிளக் வைக்கிறோம். அப்படியிருக்க, ஆறு ஏ.சி.க்கு ஈடான 10,000 வாட் அந்தச் சிறிய பிளக்கின் வழியாக எப்படி வரும்? அது பி.எம்.பி.ஓ. கணக்கு, அதாவது, கண்ணிமைக்கும் நேரத்தில் எட்டக்கூடியதாகச் சொல்லப்படும் கற்பனை உச்சம். அதை அளப்பதற்குப் பொதுவான முறை எதுவும் கிடையாது என்பதால், அச்சிடுபவர் வைத்ததே எண். நீங்கள் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது, கருவி தொடர்ந்து தரக்கூடிய திறன். அதைச் சொல்லக் கடைக்காரர் தயங்கினால், கருவியின் பின்புறத் தகட்டில் எழுதியுள்ள மின்நுகர்வைப் படியுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்கும் மின்விசிறிக்கும் நட்சத்திர முத்திரை ஒட்டி ஒழுங்குபடுத்தத் தெரிந்த நாட்டில், ஸ்பீக்கர் பெட்டியின் மேல் மட்டும் எந்த எண்ணையும் அச்சிட்டு விற்க முடிகிறது என்பதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கேட்கும் ஒலி இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் வாட் பத்து மடங்காக வேண்டும். உங்கள் ஹாலில் பத்தடி தொலைவில் அமர்ந்து படம் பார்க்க, பெரும்பாலான நேரம் சில வாட்டே செலவாகும்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போதும் ஏமாறாதீர்கள். விற்க நினைக்கும் செட்டின் ஒலியைச் சற்றே கூட்டி வைப்பது பழைய தந்திரம், ஏனென்றால் சத்தம் கூடியதையே நம் காது தரமானதென்று எடுத்துக்கொள்கிறது. வெடிகுண்டுக் காட்சியைப் போட்டுக் காட்டினால் நிறுத்தச் சொல்லி, இருவர் தாழ்ந்த குரலில் பேசும் காட்சியைக் கேளுங்கள். வசனத்தைச் சுமப்பது சென்டர் ஸ்பீக்கர். பணத்தை அதில் போடுங்கள், முன்பக்க மூன்றும் ஒரே தயாரிப்பு வரிசையாக இருக்கட்டும். சென்னையின் ஈரக்காற்றில் ஃபோம் விளிம்பு சீக்கிரம் உதிர்ந்துவிடுகிறது. கூம்பைச் சுற்றி ரப்பர் விளிம்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைக்காரரைவிட நான் அதிகம் அஞ்சுவது இன்டீரியர் ஒப்பந்தக்காரரை. டி.வி. யூனிட் செய்யும்போதே சப்வூஃபருக்கு ஒரு பொந்து விட்டு, “அழகாக உள்ளே அடங்கிவிடும்” என்பார். எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்பதையும் அவரே சொல்வார், அந்தப் பரிந்துரைக்கு ஒரு பங்கு அவருக்குப் போய்ச் சேரும். என் வீட்டிலேயே இப்படி ஒருவர் செய்த பொந்து சப்வூஃபருடன் சேர்ந்து தானும் அதிர்ந்தது. இப்போது அதில் பழைய நாளிதழ்கள் இருக்கின்றன. சுவருக்குள் அவர் ஓட்டும் ஸ்பீக்கர் வயரின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்.

இனி வைக்கும் முறை. முன் ஸ்பீக்கர்கள் அமர்ந்திருப்பவரின் காது உயரத்திலும், சுற்றுப்புற ஒலியைத் தரும் சரவுண்ட் ஸ்பீக்கர்கள் இரண்டும் பக்கவாட்டில் சற்றே பின்தள்ளியும் இருந்தால் போதும். ரிசீவரில் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால், அதற்குக் கீழான கனத்த ஒலி சப்வூஃபருக்குப் போய்விடும்.

இடத்தைத் தேட வேண்டியது சப்வூஃபருக்குத்தான். அண்டாவில் நீரை அசைத்தால் ஓரங்களில் ஏறி இறங்கும், நடுவில் மட்டம் அவ்வளவாக மாறாது. கனத்த ஒலியும் நான்கு சுவர்களுக்கிடையே இப்படித்தான் தளும்புகிறது. உங்கள் ஹாலின் 14 அடி நீளத்தில் ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸிலும், 11 அடி அகலத்தில் 51 ஹெர்ட்ஸிலும் இந்தத் தளும்பல் நிகழும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டவர்களுக்குப் பேஸ் என்னும் அந்தக் கனத்த ஒலி குமுறுவதும், நட்ட நடுவில் அமர்ந்தவருக்கு அது காணாமல் போவதும் இதனால்தான். ஆகவே சோபாவை ஒன்றரை அடியாவது முன்னே இழுத்து, சப்வூஃபரைத் தூக்கி அந்தச் சோபாவின் மேல் வைத்து, பேஸ் கிட்டார் தொடர்ந்து ஒலிக்கும் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். ஸ்வரம் ஒவ்வொன்றும் ஒரே அளவில் தெளிவாகக் கேட்கும் இடமே சப்வூஃபரின் இடம். வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மூலையில் வைக்கக் கூடாதென்பது என் வழக்கமான அறிவுரை. அதற்கு ஒரு விலக்கு உண்டு. நீங்கள் குறிப்பிடாவிட்டாலும் சென்னை அடுக்குமாடிகளின் அமைப்பை நினைத்துச் சொல்கிறேன். ஹால் ஒரு பக்கம் சுவரில்லாமல் சாப்பாட்டு இடத்துக்குள் ‘ட’ வடிவத்தில் திரும்புமானால், நீங்கள் அளந்த 14 அடிக்கு 11 அடி என்பது ஒலிக்குப் பொருந்தாது. சாப்பாட்டு இடமும் அதன் கணக்கில் சேரும். அப்போது எட்டு அங்குல சப்வூஃபர் திணறும், பத்து அங்குலம் தேவைப்படும், மூலைச் சுவர்கள் தரும் கூடுதல் பலமும் பயன்படும். அதுவும் எந்த மூலையானாலும் சரியென்பதில்லை: திறப்புக்கு எதிர்ப்பக்கத்து மூலையாக இருக்க வேண்டும். பால்கனிக் கதவைத் திறந்து வைத்துப் படம் பார்ப்பவராயின், திறந்த நிலையிலேயே சோதித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மூடியதும் பேஸ் மீண்டும் கூடிவிடும்.

கீழ் வீட்டைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சப்வூஃபரின் அடியில் வைக்கும் ரப்பர், நுரைத் தட்டுகள் பெட்டியின் நேரடி அதிர்வைக் குறைக்கும். காற்றில் பரவும் 40 ஹெர்ட்ஸ் ஒலியை அவையும் தடுக்காது, கான்கிரீட் தளமும் முழுதாகத் தடுக்காது. சுவரில் ஒட்டும் நுரைச் சதுரங்களால் அடுத்த வீட்டுக்குச் சத்தம் போகாது என்று விற்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அளவுமானியோடு ஒரு குடியிருப்புக்குள் வந்தவரை நான் இதுவரை கண்டதில்லை. வந்தாலும், விதி குறிப்பிடும், காதின் உணர்திறனை ஒட்டி அமைந்த ஏ-அளவுகோல் 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறக்குறைய 35 டெசிபல் குறைத்தே காட்டும். கீழே படுத்திருப்பவரின் கட்டில் அதிர்வது அதில் பதியாது.

எனவே வாங்கிய அன்றே கீழ் வீட்டுக்குப் போய் அவர்கள் ஹாலில் நின்று, மேலே உங்கள் வீட்டாரைச் சப்வூஃபரின் அளவைப் படிப்படியாகக் கூட்டச் சொல்லுங்கள். தொந்தரவாகும் அளவுக்குச் சற்றுக் கீழே குமிழில் ஒரு கோடு போட்டு வையுங்கள். பத்து மணிக்கு மேல் ரிசீவரின் இரவு ஒலி முறையைப் போட்டுச் சப்வூஃபரை அணைத்துவிட்டால், வெடிச் சத்தம் அடங்கி வசனம் தெளிவாகக் கேட்கும்.