பத்திரிகையில் தொடர் எழுதுபவர்கள், அதே இதழில் எழுதும் மற்றவர்களைப் படிப்பார்களா?

படிப்போம், ஆனால் அச்சான பிறகுதான்; பல நேரங்களில் வாசகர் படித்து முடித்த பிறகு.

கும்பகோணம் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு வேளாண் மாத இதழில் ஒன்பது ஆண்டுகளாக நெல் சாகுபடி பற்றி எழுதி வருகிறேன். இதழ் தபாலில் வந்ததும் முதலில் புரட்டுவது என் பக்கத்தைத்தான். கடைசிப் பத்தியை வெட்டிவிட்டார்களா, 'எக்டேருக்கு' என்று எழுதிய உர அளவு 'ஏக்கருக்கு' என்று மாறிவிட்டதா (மாறினால் இரண்டரை மடங்கு உரம் வயலில் விழும்) என்று பார்த்த பிறகே மற்றவர்களிடம் போவேன். சமையல் பக்கத்தைப் படிப்பதில்லை. அதை வீட்டில் படிக்கிறார்கள், என் பக்கத்தை அவர்கள் படிப்பதில்லை.

முன்கூட்டியே படிக்க முடியாததற்குக் காரணம் எளியது. ஆகஸ்ட் இதழுக்கு உரியதை ஜூலை 10-க்குள் அனுப்பிவிட வேண்டும். எல்லாருடைய கட்டுரைகளும் ஆசிரியர் ஒருவரிடம் மட்டுமே சேரும். அவருக்கோ பக்கம் நிரம்புகிறதா என்பதே கவலை.

மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படாத ஓர் ஆண்டில், எப்படியும் ஆகஸ்ட் தொடக்கத்தில் தண்ணீர் வந்துவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டு, சம்பா பருவத்துக்கு சி.ஆர். 1009 என்ற நீண்ட கால நெல் ரகத்தை நாற்றங்கால் விடும்படி எழுதியிருந்தேன். இதழ் வெளியான வாரம் பாபநாசத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, தெரிந்த விவசாயி ஒருவர் இதழை விரித்து என் முன்னே வைத்து, "ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா சார்? நான் எதைத்தான் விதைக்கிறது?" என்று கேட்டார். என் கட்டுரைக்கு நேர் எதிர்ப் பக்கத்தில், பாசனம் பற்றி எழுதும் நண்பர், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் செப்டம்பரில்தான் எட்டும், ஆகவே நீண்ட கால ரகம் வேண்டாம் என்று எழுதியிருந்தார். டீயில் ஆடை படியும் வரை அதைப் படித்தேன். அணையை மூடும் ஜனவரி 28-இலிருந்து அவர் பின்னோக்கி எண்ணியிருந்தார்: 155 முதல் 160 நாள் வயதுள்ள சி.ஆர். 1009-ஐ செப்டம்பர் 10-இல் விதைத்தால் அறுவடை பிப்ரவரி நடுவில்தான் வரும். பால் பிடித்து மணி முற்றும் பருவத்தில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். அவர் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார், நான் வழக்கத்தை நம்பி எழுதியிருக்கிறேன். மத்திய கால ரகத்தையே விதைக்கச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. எழுத்தாளர் கு.ப. ராஜகோபாலன் 'கரிச்சான்' என்ற புனைபெயரிலும் எழுதினார். அவர் எழுத்தில் மனம் தோய்ந்த ஆர். நாராயணசாமி, தம் பெயரையே 'கரிச்சான் குஞ்சு' என்று வைத்துக்கொண்டார். இலக்கியக்காரர்கள் ஒருவரையொருவர் அப்படிப் படித்தார்கள். தொழில்சார் கட்டுரை எழுதும் எங்களுக்கோ, பக்கத்துக் கட்டுரை என்பது பெரும்பாலும் அது எத்தனை பக்கம் பிடித்தது என்ற பொறாமையோடு முடிந்துவிடுகிறது. நானும் அதற்கு விலக்கல்ல.

டீக்கடைச் சம்பவத்துக்குப் பிறகு ஆசிரியரிடம் கேட்டு அந்த நண்பரின் எண்ணை வாங்கினேன். இப்போது மாதந்தோறும் கட்டுரையை அனுப்புவதற்கு முன் பத்து நிமிடம் பேசிக்கொள்கிறோம். சென்ற மாதம், முறைப்பாசனம் (முறைவைத்துச் சில நாள் மட்டும் தண்ணீர் விடுவது) வரப்போவதை ஒட்டி எழுதுவதாக அவர் சொன்னார். களைக்கொல்லி இட்ட பிறகு வயலில் தண்ணீரைக் கட்டி வைக்கச் சொல்லும் கட்டுரையை நான் முடித்து வைத்திருந்தேன். அதை நிறுத்திவிட்டு, விதைநேர்த்தி பற்றி வேறொன்று எழுதி அனுப்பினேன்.