இளவயது மரணங்கள் கூடிவிட்டனவா? கணக்கை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரைபடம் சுற்றுகிறது. 2011 முதல் 2021 வரை இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் பதிவான மரணங்கள். கோடு ஏறிக்கொண்டே போகிறது. 'சின்ன வயசுக்காரங்க சாவு பெருகிப்போச்சு, பார்த்துக்குங்க' என்று சித்தப்பா கீழே எழுதியிருக்கிறார். தம்பிக்கு 27 வயது. இனிமேல் ஜிம்முக்குப் போகவே கூடாது என்று அம்மா அவனிடம் சொல்லிவிட்டார். இந்த ஒப்பீட்டை நம்பலாமா? நானே சரிபார்க்க வழி உண்டா?

பதில்: சித்தப்பாவின் வரைபடத்தை வைத்துக்கொண்டு இளவயது மரணம் கூடியது என்றும் சொல்ல முடியாது, குறைந்தது என்றும் சொல்ல முடியாது. அதில் வயதும் இல்லை, மக்கள்தொகையும் இல்லை. எத்தனை மரணங்கள் பதிவாயின என்பது மட்டும்தான் இருக்கிறது. நடந்த மரணம் வேறு, பதிவான மரணம் வேறு.

2011-ல் நாட்டில் நடந்த மரணங்களில் மூன்றில் இரண்டு பங்குதான் பதிவானது. 2019-ல் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பதிவானது. இதை மட்டும் கணக்கில் எடுத்துப் பாருங்கள். நூறு பேர் இறந்து 67 பேரின் மரணம் பதிவான இடத்தில், அதே நூறு மரணங்களில் 92 பதிவானால் கோடு 37 சதவீதம் ஏறும். கூடுதலாக ஒருவர்கூடச் சாகவில்லை. வங்கிக் கணக்கு, காப்பீடு, வாரிசுச் சான்றிதழ் என்று எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள் அல்லவா, பதிவு கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதற்காகக் கோடு முழுவதும் பொய் என்றும் சொல்லிவிடக் கூடாது. 2019-ல் சுமார் 76 லட்சம், 2020-ல் 81 லட்சம், 2021-ல் 102 லட்சம் மரணங்கள் பதிவாயின. ஒரே ஆண்டில் 21 லட்சம் ஏறியதைப் பதிவு மேம்பாடு என்று சமாளிக்க முடியாது. அது கொரோனாவின் இரண்டாம் அலை. 2022-ல் எண்ணிக்கை 87 லட்சத்துக்கு அருகே இறங்கிவிட்டது. வரைபடம் 2021-லேயே நின்றுவிடுவதால் அந்த இறக்கம் சித்தப்பாவின் கண்ணில் படவில்லை.

எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான். சாலை விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்காரர்கள் என்பதால் இது நம் விஷயமும்கூட. மத்திய அரசின் கணக்குப்படி சாலை விபத்தில் இறந்தவர்கள் 2019-ல் 1,51,113 பேர், 2020-ல் 1,31,714 பேர், 2022-ல் 1,68,491 பேர். 2020-ல் தொடங்கினால் இரண்டே ஆண்டில் 28 சதவீத உயர்வு. 2019-ல் தொடங்கினால் மூன்று ஆண்டில் 11.5 சதவீதம். ஊரடங்கில் சாலையே காலியாகக் கிடந்த ஆண்டோடு ஒப்பிட்டால் எதுவும் பூதாகரமாகத்தான் தெரியும்.

அப்புறம் வயது. பலரும் கவனிக்காமல் விடும் சங்கதி இதில்தான் இருக்கிறது.

'இளைஞர்' என்றால் யார்? 2014-ன் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது என்கிறது. ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திடீர் மரண ஆய்வு 18 முதல் 45 வரை எடுத்தது. நடிகர் புனித் ராஜ்குமார் 2021-ல் இறந்தபோது எல்லோரும் இளவயது மரணம் என்றுதான் பேசினோம். அவருக்கு வயது 46, அந்த ஆய்வின் வரம்புக்குள் வரமாட்டார். ஒரு செய்தியின் 15-29 கணக்கையும் இன்னொரு செய்தியின் 18-45 கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் அது ஒப்பீடே ஆகாது.

ஒரே வரம்பை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் ஆட்கள் மாறுகிறார்கள். ஒரு கற்பனை ஊரை வைத்துக்கொள்வோம். 20 முதல் 44 வயதுக்குள் ஒரு லட்சம் பேர். அதில் 20-29 வயதுக்காரர்கள் 60,000 பேர், 30-44 வயதுக்காரர்கள் 40,000 பேர். முதல் பிரிவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஒருவரும் இரண்டாம் பிரிவில் ஆயிரத்துக்கு மூவரும் இறக்கிறார்கள். மொத்தம் 60 கூட்டல் 120, அதாவது 180 மரணங்கள். இருபது ஆண்டு கழித்து, பிள்ளைப்பேறு குறைந்ததால், இளைய பிரிவில் 40,000 பேரும் மூத்த பிரிவில் 60,000 பேரும் இருக்கிறார்கள். மரண விகிதம் இரண்டு பிரிவிலும் 5 சதவீதம் குறைந்திருக்கிறது என்றே வைப்போம். இப்போது 38 கூட்டல் 171, மொத்தம் 209. எல்லா வயதிலும் மரண விகிதம் குறைந்திருக்க, 'இளவயது மரணம் 16 சதவீதம் உயர்வு' என்று தலைப்புப் போடலாம்! தமிழ்நாடு, கேரளம் போன்ற மாநிலங்களில் இது வெறும் கற்பனை இல்லை. பிள்ளைகள் குறைந்து சராசரி வயது ஏறும் மாநிலங்கள் இவை.

இதைச் சரிசெய்யும் வழி எளிது. பழைய ஆண்டின் ஆள் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு புதிய ஆண்டின் விகிதங்களை அதில் போடுங்கள். 57 கூட்டல் 114, மொத்தம் 171. அதாவது 180 என்பது 171 ஆகக் குறைந்திருக்கிறது. வயதுத் தரப்படுத்தல் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறோம், விஷயம் இவ்வளவுதான். கேரளத்தின் மொத்த மரண விகிதம் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 7, இந்தியாவுக்கு 6. இதைப் பார்த்துவிட்டு கேரளத்தில் உயிருக்கு ஆபத்து அதிகம் என்று யாராவது சொல்வார்களா? அங்கே முதியவர்கள் அதிகம், அவ்வளவுதான்.

மாவட்டக் கணக்கு வந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும், வீடு இருக்கும் ஊரில் அல்ல. சி.எம்.சி. மருத்துவமனையில் இறக்கும் வெளியூர்க்காரர் வேலூர்க் கணக்கில் சேர்வார். எண்ணிக்கையும் சின்னது. ஒரு தாலுகாவில் ஆண்டுக்கு 16 இளவயது மரணங்கள் என்றால், எதுவுமே மாறாமல் தற்செயலாக மட்டுமே அது 8-க்கும் 24-க்கும் இடையே ஆடலாம். எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி, கூட்டியும் கழித்தும் பாருங்கள். ஆட்டத்தின் அளவு கைக்கணக்காகக் கிடைத்துவிடும்.

2025-ல் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் மாரடைப்பில் இளைஞர்கள் வரிசையாகச் சாகிறார்கள் என்று பெரிய பதற்றம். மாநில அரசு அமைத்த குழு 24 மரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. நான்கு மரணங்களுக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவற்றில் ஒன்று சாலை விபத்து. மரணத்துக்கான காரணத்தை அப்படியே நம்பி ஒப்பிடக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். மருத்துவமனையில் இறந்தால் மருத்துவர் நிரப்புவது படிவம் 4. அதில் 'இதயமும் மூச்சும் நின்றுவிட்டது' என்று எழுதிக் கொடுப்பது இன்றும் சகஜம். யார் இறந்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும், அது காரணம் ஆகாது. போதாததற்கு, பதிவான மரணங்களில் மருத்துவரின் காரணச் சான்று உள்ளவை நாலில் ஒரு பங்குகூடத் தேறாது.

சரி, எதை நம்புவது? எஸ்.ஆர்.எஸ். எனப்படும் மாதிரிப் பதிவு முறையை. தேர்ந்தெடுத்த ஊர்களிலும் நகர்ப்பகுதிகளிலும் உள்ளூர்க்காரர் ஒருவர் பிறப்பு இறப்பை அவ்வப்போது குறித்துவருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தனியாக வீடு வீடாகக் கேட்டு எழுதுவார். இரண்டு பட்டியலும் பொருந்தாத இடத்தில் மறுபடி போய் விசாரிப்பார்கள். மக்கள் பதிவுசெய்ய வந்தாலும் வராவிட்டாலும் கணக்கு அவ்வளவாக மாறாது என்பதால், காலம் கடந்த ஒப்பீட்டுக்கு நம் நாட்டில் இதைவிட நல்லது இல்லை.

இந்திய தலைமைப் பதிவாளர் அலுவலக இணையதளத்தில் எஸ்.ஆர்.எஸ். ஆயுள் அட்டவணைகள் கிடைக்கும். ஆண், பெண் தனித்தனியாக, மாநிலவாரியாக இருக்கும். அதில் ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் ஒவ்வொரு வயதுவரை எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று ஒரு பத்தி வரும். 45 வயதுக்கு நேரே உள்ள எண்ணை 20 வயதுக்கு நேரே உள்ள எண்ணால் வகுங்கள். ஒன்றிலிருந்து அதைக் கழித்தால், இருபது வயதுக்காரர் 45-ஐ எட்டாமல் இறக்கும் வாய்ப்பு. 2014-18 அட்டவணைக்கும் 2016-20 அட்டவணைக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். வயதுக் கலவை, மக்கள்தொகை வளர்ச்சி இரண்டும் இந்தக் கணக்கைக் குழப்பாது. ஐந்தாண்டுச் சராசரி என்பதால் ஓர் ஆண்டின் அதிர்ச்சி இதில் மங்கித்தான் தெரியும். 2021-ஐத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் ஆண்டு அறிக்கையில் உள்ள வயதுவாரி மரண விகிதத்துக்குப் போக வேண்டும். இன்னும் பின்னால் 1970-களுக்குப் போனால் இருபதுகளில் இருந்த பெண்கள் அதே வயது ஆண்களைவிட அதிகம் இறந்ததைக் காண்பீர்கள், முக்கியக் காரணம் பிரசவம். இப்போது அது தலைகீழாகிவிட்டது. இளவயதுக் கணக்கில் நடந்த மிகப் பெரிய மாற்றம் என்று நான் இதைத்தான் சொல்வேன். யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

தம்பி விஷயம். நம் சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் வழியாக ஐ.சி.எம்.ஆர். நடத்திய ஆய்வு, 19 மாநிலங்களின் 47 மருத்துவமனைகளில் திடீரென்று இறந்த 729 பேரை, அதே வயது, அதே பகுதியைச் சேர்ந்த உயிரோடு இருப்பவர்களோடு ஒப்பிட்டது. கொரோனா தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. குடும்பத்தில் திடீர் மரணம், கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தது, இறப்புக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுக்கு மீறிய குடி, கடும் உடலுழைப்பு ஆகியவை ஆபத்தோடு சேர்ந்து வந்தன. இப்படிப்பட்ட ஆய்வு யாருக்கு ஆபத்து அதிகம் என்று சொல்லும். முன்பைவிட மரணம் கூடியதா என்று அதனால் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் குழப்பித்தான் பாதி செய்திகள் எழுதப்படுகின்றன. ஆகவே அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: குடும்பத்தில் யாராவது ஐம்பதுக்குள் திடீரென்று இறந்திருந்தால், அல்லது உடற்பயிற்சியின்போது தம்பிக்கு நெஞ்சுவலியோ மயக்கமோ வந்திருந்தால், முதலில் இதய மருத்துவரைப் பார்க்கட்டும். இல்லையென்றால் ஜிம்முக்குப் போகட்டும், எடையைப் படிப்படியாகக் கூட்டட்டும். பைக்கில் போகும்போது ஹெல்மெட் போடுகிறானா என்று மட்டும் தினமும் கேளுங்கள்.